பெயர் முடிவாகாத சாமான்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு அலுப்பு. மற்றவர்களுக்கெல்லாம் ஞாயிறு ஓய்வு நாள். எனக்கு அது வேறொரு வேலை நாள், அவ்வளவுதான்.

எண்பதுகளில் நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு மலிவு விலை வீட்டில் குடியிருந்தோம். வாரம் ஆறு நாளும் நான் ரவாங்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தேன். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். இருட்டின பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். ஏழாவது நாளாவது கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று பார்த்தால், வாசலில் கார் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று ஆண்கள் நிற்பார்கள். மூன்று பேருக்கும் தே ஓ, பால் விடாத தேத்தண்ணி, கலக்க வேண்டும். முதல் தடவை, இரண்டாம் தடவை, வெயில் உச்சிக்கு வந்ததும் மறுபடியும் ஒரு தடவை.

மூன்று பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடும் மேடையில் வேலை. இரண்டாமவர் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஆங்கிலத்தில் தடிமனாக ஒரு கார்ப் புத்தகம் வைத்திருந்தார். அதைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வருவார். மூன்றாமவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். "பொஸ்தகத்த வெச்சுக்கிட்டு லோரி ஓட்ட முடியாதுலா" என்பதுதான் அவருடைய வேதம். வாத்தியாரிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. லோரிக்காரரிடம் முதலாளியின் லோரி. ஆக மூன்று பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே கார் எங்களுடையதுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கார். எத்தனையோ கை மாறி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் காரைப் பழுது பார்த்தார்கள் என்று சொன்னால் அது பொய். பேசினார்கள். பின்னால் புகை விடுகிற குழாய்க்குப் பெயர் சைலன்சரா எக்சாஸ்ட்டா என்று ஒரு தீபாவளி முழுக்கப் பேசினார்கள். முறுக்கு ஆறிப்போய், விருந்தாளிகள் வந்து போய், குழந்தைகள் மத்தாப்புக் கொளுத்தி முடித்த பிறகும் குழாய் முழுவதற்கும் ஒரு பெயரா, நடுவில் உப்பியிருக்கும் டப்பாவுக்கு மட்டும் தனிப் பெயரா என்பது முடியவில்லை. நடுவில் என்னிடமும் கேட்டார்கள். "ஓட்டை விழுந்தா சத்தம் வரும், அது எனக்குத் தெரியும்" என்றேன். பொம்பளைகளிடம் கேட்டது தப்பு என்று மூவரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இந்தப் பேச்சுக்கு ஒரு சட்டம் இருந்தது. கெட்டுப்போன சாமானுக்குச் சரியான பெயர் எது என்று முடிவான பிறகுதான் அதற்கு மாற்று வாங்கக் கோலா சிலாங்கூர் கடைக்குப் போக வேண்டும். "பேரு முடிவாகட்டும்" என்பார் என் வீட்டுக்காரர், ஸ்பேனரைத் துடைத்தபடி. பெயர் தெரியாமல் பழைய சாமானைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரர் முன்னால் வைத்து 'இது மாதிரி ஒண்ணு கொடு' என்று கேட்பதைப் போன்ற அவமானம் அவர்களுக்கு வேறு எதுவும் கிடையாது. ஒரு தடவை பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ரேடியேட்டர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். மூவரும் அதைப் பார்த்துவிட்டு, செத்த வீட்டைக் கடக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மூவரும் தோட்டத்துப் பிள்ளைகள். அப்பன்மார் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, விரலை நீட்டி, "அது ஒண்ணு வேணுங்கய்யா" என்று கேட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள். எதற்கு என்ன பெயர் என்று தெரியாததால் வாங்கிய ஏச்சையெல்லாம் காதால் கேட்டவர்கள். இனிமேல் விரலை நீட்டமாட்டோம், பெயர் சொல்லித்தான் கேட்போம் என்று மூவரும் சொல்லாமலே ஒரு சபதம் எடுத்திருந்தார்கள். எனக்கு அது புரியும். புரிந்து என்ன செய்ய? தே ஓ கலக்குகிறவள் நான்தானே.

என் அம்மா செத்த வருஷம் இது இன்னும் மோசமானது.

அப்பாவும் அம்மாவும் சபாக் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. அம்மா மழை வரும் என்றால் அப்பா வராது என்பார். குழம்பில் போட்டது மொச்சையா அவரையா என்று சாப்பிட்டுக் கை கழுவின பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவார்கள். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒருவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். சாமி என்ன கொடுத்தது என்பதுதான் வாசலில் நிற்கிறதே.

அம்மா காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அப்பா அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது. என்ன கேட்டாலும் "ம்". சாப்பிட்டீங்களா, "ம்". மருந்து போட்டீங்களா, "ம்". மழை வரும்போல இருக்குப்பா என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "ம்" என்றார். இப்படியே பேசாமல் கிடந்து ஒருநாள் அம்மா பின்னாலேயே போய்விடுவார் என்று பயந்தேன். எனக்கு ஒரே தம்பி. அவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தான். அங்கே அவன் படுப்பதே பத்துப் பேரோடு ஒரு அறையில். அப்பா என்னிடம்தான் வர வேண்டும்.

ஆனால் அவரை அழைத்துக்கொண்டு வருவது அவ்வளவு லேசு இல்லை. பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிறவர். அங்கே போய்க் குடியிருப்பதா? வேலை ஓய்வு ஆகிவிட்டது. லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கிராணியும் சொல்லிவிட்டார். அப்படியும் அவர் அசையவில்லை. அம்மாவின் கருமாதி அன்று என் வீட்டுக்காரர்தான் எல்லோர் முன்னாலும் கையைக் கூப்பினார். "மாமா, நானே காரு கொண்டாந்து ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க பஸ்ஸுல பெட்டியத் தூக்கிக்கிட்டு வர வேணாம்."

அப்பா தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "மாப்பிள்ள வந்து கூப்புட்டா வரேன்" என்றார். அம்மா போனபிறகு அவர் வாயிலிருந்து வந்த ஒரே முழு வாக்கியம் அது. பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கினால் பிழைக்க வழியில்லாமல் மகள் வீட்டுக்கு வந்தவர். மாப்பிள்ளை கார் கொண்டுபோய் அழைத்துவந்தால் மரியாதையோடு வந்த மாமனார். அந்த வித்தியாசம் போதும் அவருக்கு.

ஞாயிறும் குறித்தாயிற்று. அந்த வாரம்தான் காரில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. கார் கிளம்பியதும் அது அணைய வேண்டும். அணையவில்லை. பேட்டரிக்குக் கரண்டு ஏறவில்லை என்று அர்த்தமாம். இஞ்சினுக்குப் பக்கத்தில் உருண்டையாக, தேங்காய் அளவுக்கு ஒரு சாமான் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அதுதான் கரண்டு உண்டாக்குகிறதாம். அது கெட்டுவிட்டது. இதுவரைக்கும் மூவரும் ஒத்துப்போனார்கள்.

"டைனமோ" என்றார் வாத்தியார்.

"ஆல்டர்னேட்டர்" என்றார் லோரிக்காரர்.

நான் அடுப்பில் தண்ணீரை வைத்தேன். இது இன்றைக்கு முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வாத்தியார் துண்டைப் பிரித்துப் புத்தகத்தைக் காட்டினார். இந்தக் காருக்கு டைனமோதான் என்று படத்தோடு போட்டிருந்தது. லோரிக்காரர் படத்தைப் பார்க்கவே மறுத்தார். "சார், நான் இத கையால தொட்டவன்லா. டைனமோ நீட்டமா இருக்கும், இது குட்டையா இருக்கு. இது ஆல்டர்னேட்டர்." என் வீட்டுக்காரருக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. காலையில் டைனமோ பக்கம் இருந்தார், சாயங்காலம் ஆல்டர்னேட்டர் பக்கம். பெயர் முடிவாகாமலே சனிக்கிழமை போயிற்று. ஞாயிறு காலையில் சாவியைத் திருப்பினால் கார் கனைத்தது, கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது.

சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கோலா சிலாங்கூரில் மாறி, சபாக்கில் இறங்கி, தோட்டத்துக்குள் நடந்து போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லயத்து வாசலில் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். எந்நேரத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"காரு கெட்டுப்போச்சுப்பா. அடுத்த ஞாயிறு கண்டிப்பா வந்துருவாரு" என்றேன்.

"ம்."

"இல்லன்னா இப்பவே என்கூட வாங்களேன். பஸ்ஸுல போயிரலாம்."

தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் ஒரு பிடி அரிசி போட்டு, ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அடுத்த ஞாயிறுதான் கடைசி. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வருகிறது. அன்றைக்கும் கார் போகவில்லை என்றால் அவர் மரியாதை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எங்கேயாவது கோயில் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வார். என் அப்பாவை எனக்குத் தெரியும்.

வீட்டில் அன்றிரவு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்ததை எழுதப் போவதில்லை. மறுநாள் வேலைக்குப் போகுமுன் அந்த உருண்டையைக் கழற்றிச் செய்தித்தாளில் வைத்தார். பேட்டரியைச் சார்ஜ் போடக் கொடுத்தார். உருண்டைக்குள்ளே கரித்துண்டு மாதிரி இரண்டு சின்னக் கட்டைகள் தேய்ந்துபோயிருந்தன. கார்பன் பிரஷ் என்றார்கள். நல்லவேளையாக அதன் பெயரில் சண்டை இல்லை. அதை மாற்றினால் போதுமாம்.

செவ்வாய்க்கிழமை அவர் கடைக்குப் போனார். வெறுங்கையோடுதான். வாத்தியாருடைய பெயர் ஜெயித்திருந்தது. காரின் பெயரைச் சொல்லி, டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் என்று கேட்டார். கடைக்காரத் தவுக்கே சரியாக எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. விரல் தடிமனுக்கு இருந்தது.

லோரிக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்பட்டிருக்காது. வியாழக்கிழமை மறுபடியும் போனார் என் வீட்டுக்காரர். அதே காரின் பெயரைச் சொல்லி, ஆல்டர்னேட்டருக்குக் கார்பன் பிரஷ் என்று கேட்டார். தவுக்கே சிரித்தாராம். அந்தக் காருக்கு ஆல்டர்னேட்டரே கிடையாது, வேறு கடையில் போய்க் கேளுங்கள் என்றாராம். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் செய்தித்தாள் மேல் இருந்த உருண்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சாமானையே எடுத்துக்கிட்டுப் போயிருந்தா என்ன?" என்று கேட்டேன்.

ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "நான் என்ன பேரு தெரியாதவனா?"

"தெரிஞ்ச ரெண்டு பேரும் உதவலையே."

சாயங்காலம் மற்ற இருவரும் வந்தார்கள். புத்தகம் பிரிந்தது. நான் தே ஓ கலக்கவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை தொழிற்சாலையில் அரை நாள். வீட்டுக்கு வந்ததும் அந்த உருண்டையைச் செய்தித்தாளோடு சுருட்டி மார்க்கெட் கூடையில் வைத்தேன். மேலே கொஞ்சம் முருங்கைக்கீரையைப் பரப்பினேன். கெட்டி இரும்பு, தூக்கினால் கை இறங்கியது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே எரிச்சல். ஆனாலும் கீரையை எடுக்கவில்லை. பஸ்ஸில் தெரிந்த முகங்கள் இருந்தன. புருஷன் மானம் அந்தக் கீரைக் கட்டுக்கு அடியில்தான் இருந்தது.

கடையில் கூடையை மேசைமேல் வைத்துச் சாமானை எடுத்துக் காட்டினேன். தவுக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் காருடையதே இல்லையாம் இது. எங்களுக்கு முன்னால் காரை வைத்திருந்த யாரோ ஒருவர் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஜப்பான் காரின் சாமானை வெட்டி ஒட்டி அங்கே உட்கார வைத்திருக்கிறார். காரின் பெயரைச் சொல்லி என்ன கேட்டாலும் கிடைக்காது. விஷயம் அவ்வளவுதான். இதற்குச் சரியான பெயர் என்னவென்றால் என்று அவர் ஆரம்பித்தார்.

"நாமா தா பாயா, தவுக்கே" என்று மலாயில் சொன்னேன். பெயரெல்லாம் வேண்டாம். பெயர் என்கிற வார்த்தையை இன்னொரு தடவை கேட்க என் காதுக்குத் தெம்பு இல்லை.

அவர் உள்ளே இருந்த ஆளிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் ஒரு ஐஸ் தண்ணீர் வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் புதுக் கட்டைகளை வைத்துப் பூட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அதைப் பழைய இடத்தில், அதே மாதிரி வைத்தேன். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். "சரியாயிருச்சு. மாட்டுங்க" என்றேன். அவர் எடுத்துக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"நீ கடைக்குத் தூக்கிக்கிட்டுப் போனியா?"

"கீரைக்கு அடியில வெச்சுத்தான் கொண்டுபோனேன். யாரும் பாக்கல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். குனிந்து அதை மாட்ட ஆரம்பித்தார். மற்ற இருவரும் வந்தார்கள். ஜப்பான் கார்க் கதையை நானே சொன்னேன். தீர்ந்தது என்று நினைத்தேன். எவ்வளவு பைத்தியக்காரி நான்!

"அப்ப நான் சொன்னது சரி. சாமான் ஆல்டர்னேட்டர்தான்" என்றார் லோரிக்காரர்.

"எப்படி? உக்காந்திருக்கிறது டைனமோ இடம். டைனமோ வேலையத்தான் செய்யுது. இந்தக் காருக்கு அது டைனமோதான்" என்றார் வாத்தியார்.

"சார், ஒங்க பள்ளிக்கூட நாற்காலியில நான் போயி உக்காந்தா நான் வாத்தியாராயிருவேனா?"

என் வீட்டுக்காரர் நட்டை முறுக்கியபடியே இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். "பேரு முடிவாகட்டும்லா, அவசரப்படாதீங்க" என்றார். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை கார் கிளம்பியது. சிவப்பு விளக்கு அணைந்தது. நானும் அவரும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. ஆனால் விளக்கு வழியில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வாத்தியாரும் லோரிக்காரரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். புத்தகமும் ஏறியது. தஞ்சோங் காராங் தாண்டி, செகின்சான் வயல்களைத் தாண்டி, சபாக் வரைக்கும் டைனமோவும் ஆல்டர்னேட்டரும்தான். ஒரு இடத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா அதே வேட்டி சட்டையில், அதே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார். "வாங்க மாமா, போவோம்." லயத்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா எழுந்தார். கதவைப் பூட்டிச் சாவியை வேலை மேற்பார்க்கும் மண்டோர் கையில் கொடுத்தார். அம்மா உட்காருகிற படியை ஒரு தடவை பார்த்தார்.

முன் சீட்டில் அப்பாவை உட்கார வைத்தோம். தகரப் பெட்டி பின்னால் முழுக்க நுழையவில்லை. காரின் பின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினோம். வண்டி நகர்ந்து தோட்டத்துப் பாதையைக் கடப்பதற்குள் பின்னால் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து பார்த்தால் அவர் பிடரி மட்டும்தான் தெரிந்தது. "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டேன். "ம்" என்றார். கொடுத்தேன், குடிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறேன்? நான் ஆறு நாள் ரவாங்கில். இவர் பூட்டின வீட்டில் சுவரைப் பார்த்தபடி.

செகின்சானைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஓரம் கட்டினார். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல். நிழல் என்று ஒரு மரம் கிடையாது. பானட்டைத் திறந்தார்கள். பெல்ட் தளர்ந்திருந்தது. நேற்று ஒரு நட்டை முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். மூவரும் வாயாலேயே முறுக்கினார்கள் போல. ஸ்பேனர் பை பெட்டிக்கு அடியில் இருந்தது. கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை இறக்கிச் சாலை ஓரத்தில் வைத்தார்கள். மாப்பிள்ளை மரியாதையோடு அழைத்துவந்த மாமனாரின் பெட்டி தெருவில் கிடந்தது.

முன் கதவு திறந்தது. அப்பா இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். சபாக் போகிற பஸ் ஒன்று எதிரே வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிவிடுவார் என்றே நினைத்தேன். ஏறி எங்கே போவார்? சாவியும் கையில் இல்லை.

பஸ் போய்விட்டது. அப்பா மெதுவாக நடந்து பானட் பக்கம் போனார். மூவரும் நட்டைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எட்டிப் பார்த்தார்.

"அந்த உருண்டைக்குத்தான் காலையிலேருந்து சண்டையா?" என்றார்.

மூவரும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். வாத்தியார் புத்தகத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டினார். லோரிக்காரர் நாற்காலிக் கதையைச் சொன்னார். என் வீட்டுக்காரர் இரண்டிலும் நியாயம் இருக்கிறது மாமா என்றார். அப்பா ஒவ்வொருவரையும் முழுக்கக் கேட்டார்.

"ரெண்டும் தப்பு. அதுக்குப் பேரு கரண்டு சட்டி" என்றார்.

"அப்படி ஒரு பேரே கெடையாதுங்கய்யா" என்றார் வாத்தியார்.

"எப்படிக் கெடையாது? எங்க தோட்டத்து லோரியில அப்படித்தான் சொல்லுவோம்."

"பெரியவரே, நானும் லோரிதான் ஓட்டுறேன். நான் கேள்விப்பட்டதே இல்லையேலா."

"நீங்க கேள்விப்படலன்னா இல்லன்னு ஆயிருமா? கரண்டு உள்ள கொதிக்குதா இல்லையா? கொதிக்கிறது சட்டியா டைனமோவா? சொல்லுங்க வாத்தியாரே!"

அப்பாவின் குரல் வயலைத் தாண்டிக் கேட்டது. லயத்துச் சுவர்களைத் தாண்டிக் கேட்கும் அதே குரல். அம்மா மொச்சை என்றால் அவரை என்கிற குரல். அப்பாவுக்கு இஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வாழ்நாள் முழுக்க வெளிக்காட்டில் செம்பனைக் குலை வெட்டினவர். அந்தப் பெயர் உண்மையிலேயே தோட்டத்தில் இருந்ததா, அங்கேயே நின்று கட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகம் சிவந்து, ஒரு கை இடுப்பில், ஒரு விரல் வாத்தியார் மூக்குக்கு நேராக. அம்மா இருந்திருந்தால், "ஒங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க" என்றிருப்பார்.

நான் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லாமல், பஸ் பஸ்ஸாக அலைந்து, இரும்பை மடியில் சுமந்தும் என்னால் செய்ய முடியாததை இந்த மூன்று பேரின் வெட்டிப் பேச்சு ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயிலுக்குத் துடைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது. நட்டு இன்னும் தளர்ந்தேதான் இருந்தது. கரண்டு சட்டி என்பதைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதலாமா கூடாதா என்கிற இடத்துக்குப் பேச்சு வந்திருந்தது.

"அப்பா, வெயில் ஏறுது. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்பா" என்றேன்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என்னை அமர்த்தினார்.

"நம்ம வீடு எங்கம்மா ஓடிப்போவுது? இரு. பேரு முடிவாகட்டும், போவோம்."

நான் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன்.